பிலிப் கிளாஸ்: கேட்டுப் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு ஒரு பதில்

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "பிலிப் கிளாஸ் ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. இவரை ஏன் இவ்வளவு பெரிய ஆளாகப் பேசுகிறார்கள், அதிலும் எப்போதும் நாடகத்தோடு சேர்த்தே பேசுவது ஏன்?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் பத்து நிமிடத்தில் நிறுத்தியவன்தான். அதற்கப்புறம் பல வருடம் அவர் பக்கமே போகவில்லை. ஒருநாள் அவருடைய ஓபரா (பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம்) ஒன்றின் வீடியோவைப் பார்த்த பிறகுதான் அதுவரை காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. அந்த இசையில் பெரும்பகுதி யாரோ ஒருவர் மேடையில் மெதுவாக நடந்து வருவதற்காகவும், ஒரு விளக்கு மெல்ல ஏறி இறங்குவதற்காகவும் எழுதப்பட்டது. மேடையை எடுத்துவிட்டு இசையை மட்டும் கேட்டால் தவிலையும் நாதஸ்வரத்தையும் கல்யாண வீட்டிலிருந்து பிரித்துக் கேட்பது மாதிரிதான், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எதற்கு அப்படி ஒரு கெட்டிமேளம் என்பது விளங்காது.

அதனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியிலிருந்தே போகிறேன்.

அவர் 1937 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். அப்பா ரெக்கார்டு கடை வைத்திருந்தார். கடையில் விலைபோகாத ரெக்கார்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து, இது ஏன் விற்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்காகவே ராத்திரியில் போட்டுக் கேட்பாராம், விலைபோகாதவை பெரும்பாலும் அந்தக் கால நவீன இசை என்பதால் பையனின் காதும் அதிலேயே ஊறியது. பதினைந்து வயதில் சிகாகோ பல்கலைக்கழகம், பிறகு நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைப்பள்ளி. இதுவரைக்கும் ஒரு நல்ல மாணவனின் கதை, அவ்வளவுதான்.

கதை மாறுவது பாரிஸில். 1964-இல் உதவித்தொகை கிடைத்து அங்கே போகிறார், நாடியா பூலான்ஜே என்ற மிகக் கண்டிப்பான ஆசிரியையிடம் அடிப்படைப் பாடங்களை மறுபடி முதலிலிருந்து படிக்கிறார். இருபத்தேழு வயதில், ஜூலியார்டில் பட்டம் வாங்கிய பிறகு, சரளி வரிசையிலிருந்து தொடங்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. அதே பாரிஸில் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன, அவருடைய மொத்த வாழ்க்கையும் அந்த இரண்டிலிருந்துதான் கிளைத்தது என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று, ரவிசங்கர். 'சப்பாக்குவா' என்ற படத்துக்கு ரவிசங்கர் இசையமைத்தபோது, அவர் வாசித்துக் காட்டுவதைப் பிரெஞ்சு வாத்தியக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி மேற்கத்திய முறையில் எழுதிக் கொடுக்கும் வேலை கிளாஸுக்கு வந்தது. கோடு போட்டுக் கட்டம் பிரித்து எழுதுகிறார், வாசித்தால் அழுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது. தபலா வாசித்த அல்லா ரக்கா ஒவ்வொரு தடவையும் இது சரியில்லை என்கிறார். கடைசியில் எரிச்சலில் கட்டக் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டும் மூன்றுமாகச் சுரக் கொத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெரிய சுற்றாக ஓடுவது தெரிகிறது. நம் தாளத்தை அவர் முழுசாகப் புரிந்துகொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆவர்த்தனம் என்கிற தாளச் சுற்றுக்குள் நடக்கிற கணக்கும் விளையாட்டும் அவர் இசையில் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கருவி: ஐந்து சுரக் கொத்து ஒன்றைச் சில தடவை வாசி, அப்புறம் ஆறாக்கு, ஏழாக்கு, எட்டாக்கு, மறுபடி குறைத்துக்கொண்டே வா. மிருதங்கம் படித்தவர்களுக்கு ஸ்ரோதோவக யதி (வரவரக் கூடுவது), கோபுச்ச யதி (வரவரக் குறைவது) என்றால் உடனே விளங்கிவிடும். நம்மவர்கள் அரை நிமிடத்தில் முடித்துத் தீர்மானம் என்ற முடிப்புச் சொற்கட்டை வைக்கிற இடத்தில் அவர் இருபது நிமிடம் குடியிருப்பார், வித்தியாசம் அங்கேதான்.

இரண்டாவது, நாடகம். பாரிஸில் அவருடைய நெருங்கிய சகாக்கள் இசைக்காரர்கள் இல்லை, ஜோஆன் அகலைட்டிஸ், லீ பிரூயர், ரூத் மலெசெக், டேவிட் வாரிலோ என்ற நாடகக் கூட்டம். 1965-இல் அவர்கள் சாமுவேல் பெக்கெட்டின் 'பிளே' நாடகத்தைப் போட்டபோது கிளாஸ் இசை எழுதினார். மூன்று பேர் கழுத்தளவு தாழிக்குள் இருக்கிறார்கள், விளக்கு யார் முகத்தில் விழுகிறதோ அவர் மட்டும் படபடவென்று பேச வேண்டும், விளக்கு போனதும் பாதி வாக்கியத்தில் வாயை மூட வேண்டும். முழு நாடகமும் முடிந்ததும் இன்னொரு தடவை அப்படியே திரும்ப நடக்கும். இதற்குக் கிளாஸ் எழுதியது இரண்டு சோப்ரானோ சாக்ஸபோனுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டே சுரம். இந்த இசையோடு நாடகத்தை இரவுக்கு இரவு பார்த்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார்: மனசு கரைகிற கணம் ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு இடத்தில் வந்தது. சாதாரணமாக நாடக இசை, இங்கே அழு, இங்கே சிரி என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். இசை அப்படி எதையும் சொல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் பார்க்கிறவன் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறான். திரும்பத் திரும்ப வருவது எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கான விடை எனக்குத் தெரிந்து இதுதான். இசை ஒதுங்கி இடம்விடுகிறது.

நியூயார்க் திரும்பிய பிறகு பத்து வருடத்துக்கு மேல் இசையால் வயிறு நிறையவில்லை. சாமான் ஏற்றி இறக்கும் வேலை, பிளம்பர் வேலை, டாக்சி. தினம் பார்த்த வேலைக்குக் கூச்சப்பட்டவர் இல்லை. ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினைப் பொருத்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து பார்த்து அதிர்ந்துபோனார், ஏனென்றால் அவர் டைம் பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். இது எல்லோரும் சொல்லும் கதை. எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம், இந்த வருடங்களில் அவர் தன் இசையை வேறு யாருக்கும் வாசிக்கக் கொடுக்கவில்லை என்பது. மின் ஆர்கன், சாக்ஸபோன், புல்லாங்குழல், பாட்டு, எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் பலமாக வைத்துத் தானே ஒரு குழு நடத்தினார், கிளாஸ் இசை வேண்டுமென்றால் கிளாஸைத்தான் கூப்பிட வேண்டும். கச்சேரி மண்டபங்கள் சீந்தாததால் ஓவியர்களின் மாடி அறைகளிலும் கலைக்கூடங்களிலும் வாசித்தார்கள். இன்னொரு பக்கம் அதே பாரிஸ் நண்பர்களோடு சேர்ந்து 1970-இல் 'மபூ மைன்ஸ்' நாடகக்குழு. அந்த வயதில் இசைக்காரர்கள் ஒரு சிம்பொனி எழுதிப் பல்கலைக்கழக வேலைக்கு மனுப் போடுவார்கள், இவர் ஒத்திகைக் கொட்டகையில் உட்கார்ந்து நடிகர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்'. ராபர்ட் வில்சன் என்ற இயக்குநர், ஸ்டாலினைப் பற்றி 12 மணி நேர நாடகம் போட்டவர், 2025 ஜூலையில் காலமானார். அவரும் கிளாஸும் வாரா வாரம் மதியச் சாப்பாட்டுக்குச் சந்தித்து யாரைப் பற்றி நாடகம் போடலாம் என்று பேசினார்கள். சாப்ளின், ஹிட்லர், காந்தி என்று போய் ஐன்ஸ்டைனில் நின்றது. கதை கிடையாது. வில்சன் படம் வரைந்தார்: ஒரு ரயில், ஒரு நீதிமன்றம், ஒரு வயல்வெளியும் அதற்கு மேல் ஒரு விண்கலமும். அந்தப் படங்களைப் பியானோ மேல் நிறுத்திவைத்து அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கிளாஸ் இசை எழுதினார். எந்தக் காட்சி எத்தனை நிமிடம் என்பதை மட்டும் இருவரும் முதலிலேயே பங்கு போட்டுக்கொண்டார்கள். பாட்டின் வார்த்தைகளும் ஒரு வேடிக்கை: ஒத்திகையில் பாடகர்கள் தாளத்தை நினைவு வைத்துக்கொள்ள ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணியும், சுரத்தை நினைவு வைத்துக்கொள்ள தோ ரே மி என்றும் பாடிக்கொண்டிருந்தார்கள், அதுவே பாட்டாக நின்றுவிட்டது. சுரத்தையே பாட்டாகப் பாடுவது நமக்குப் புதிதில்லை, மேற்கத்திய ஓபரா ரசிகர்களுக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது.

1976 ஜூலை 25, பிரான்சில் அவிஞ்ஞோன் விழாவில் முதல் அரங்கேற்றம். ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஓடும், இடைவேளை இல்லை, பார்க்கிறவர்கள் இஷ்டப்பட்டபோது எழுந்து போய்விட்டு வரலாம். ஐரோப்பியப் பத்திரிகைகள் இதைப் பெரிய புரட்சியாக எழுதின. விடிய விடியக் கூத்து பார்த்து, நடுவில் டீ குடித்துவிட்டு, கொஞ்சம் கண்ணசந்து, துரியோதனன் படுகளத்துக்கு எழுந்து உட்காருகிற ஊரில் பிறந்தவனுக்கு இதில் என்ன புரட்சி என்று தோன்றத்தான் செய்யும். இந்த ஒப்பீடு நானாக இழுத்துப்போடுவது இல்லை, கிளாஸே தென்னிந்தியாவுக்கு வந்து கதகளியை இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்த மனிதர்தான், பாட்டும் நடிப்பும் வேறு வேறு ஆட்களிடம் பிரிந்திருந்தும் ஒன்றாக ஓடுவதை அங்கே கண்டார்.

அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா (சுருக்கமாக மெட்) அரங்கை வாடகைக்கு எடுத்து இரண்டு காட்சிகள் போட்டார்கள், இரண்டும் நிரம்பி வழிந்தன. ஆனாலும் மொத்தப் பயணமும் முடிந்தபோது ஒரு லட்சம் டாலரை ஒட்டிய கடன், காரணம் டிக்கெட் எல்லாம் விற்றாலும் ஒரு காட்சியின் செலவு வசூலைவிட அதிகம். ஓபராவின் பொருளாதாரமே அப்படித்தான், கூட்டம் வருவதால் யாரும் பிழைப்பதில்லை. கிளாஸ் டாக்சிக்குத் திரும்பிவிட்டார். வண்டியில் ஏறிய ஓர் அம்மாள் டிரைவரின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, தம்பி, ஒரு பிரபல இசையமைப்பாளரின் பெயரும் உன் பெயரும் ஒன்று, தெரியுமா என்றாராம். 41 வயதில்தான் டாக்சியை விட்டார்.

சரி, நமக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருவோம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரம் ஒரு ஓபரா எழுதித்தரச் சொல்லிக் கேட்டது, இந்தத் தடவை நிஜமான ஓபரா, பயிற்சி பெற்ற பாடகர்கள், முழு வாத்தியக்குழு. கிளாஸ் காந்தியை எடுத்தார். 1980 செப்டம்பர் 5 அன்று அரங்கேறிய 'சத்தியாகிரகா'. இந்தியாவுக்கு வந்த பிறகான காந்தி இதில் இல்லவே இல்லை, தென்னாப்பிரிக்க வருடங்கள் மட்டும்தான். பாடுவது முழுக்கச் சமஸ்கிருதம், எல்லா வரியும் பகவத்கீதையிலிருந்து, கான்ஸ்டன்ஸ் டியோங் என்ற எழுத்தாளர் கிளாஸோடு சேர்ந்து தேர்ந்தெடுத்தவை. மேடையில் நடப்பது ஒன்று, பாடப்படுவது அதன் மேல் ஒரு விளக்கம் மாதிரி. பத்திரிகை அச்சடிக்கிறார்கள், இந்தியர்கள் மேல் சட்டம் திணித்த பதிவுச் சான்றிதழ்களைக் கொளுத்துகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், வாயில் மட்டும் கீதை. காட்சிகள் வருட வரிசையிலும் இல்லை: முதல் அங்கத்தில் 1910-இன் டால்ஸ்டாய் பண்ணைக்கு (போராட்டக் குடும்பங்களுக்காகக் காந்தி அமைத்த குடியிருப்பு) அப்புறம், பதிவுச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று எடுத்த 1906-இன் சபதம் வருகிறது. மூன்று அங்கத்துக்கும் டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் என்று பெயர், அந்தந்த ஆள் மேலே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். வாத்தியங்களில் தாரை வகையும் கிடையாது, தாளவாத்தியமும் கிடையாது, தந்தி வாத்தியங்களும் ஊதுகுழல்களும் ஒரு மின் ஆர்கனும்தான். ஒரு போராட்டத்தைப் பற்றிய ஓபராவில் ஒரு முரசுகூட இல்லை என்பதை நான் மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

பாத்திரப் பட்டியலில் 'மிஸஸ் நாயுடு' என்று ஒரு பெயர் இருக்கும், சோப்ரானோ என்கிற உச்சப் பெண்குரல். மேல்நாட்டு விமர்சகர்கள் யாரும் அந்தப் பெயரில் நிற்பதில்லை. நாம் நிற்க வேண்டும். காந்தியின் அந்தப் போராட்டத்தில் தூணாக நின்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்த தமிழ்க் குடும்பத்துக்காரர், அவர் மனைவி உட்பட டால்ஸ்டாய் பண்ணைப் பெண்கள் 1913-இல் தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் நகரத்துக்குப் போய் நிலக்கரிச் சுரங்கக் கூலிகளிடம் பேசி வேலைநிறுத்தம் செய்ய வைத்தார்கள், சிறைக்கும் போனார்கள். அந்தப் பெண்கள் பெரும்பாலும் தமிழர். அதன் பிறகு எல்லை நோக்கி நடந்த ஊர்வலத்தில் காந்தியின் கணக்குப்படி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள், ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர் அதில் ஏராளம். அந்த வருடம் சிறை சென்று நோயோடு திரும்பி 1914 பிப்ரவரியில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மை ஓபராவில் இல்லை. ஆனால் மூன்றாவது அங்கம் முழுவதும் அந்த நியூகாசில் ஊர்வலம்தான். தமிழ் பேசிய கூட்டம் சமஸ்கிருதத்தில் பாடுகிறது, எனக்கு இது ஒரு நெருடல், மறைக்க விரும்பவில்லை. மொழி யாருக்கும் புரியக்கூடாது, ஒலியாக மட்டும் கேட்கட்டும் என்பது கிளாஸின் கணக்கு, நியூயார்க்கில் அது சரி, சென்னையில் அந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கும்.

பிற்காலத்தில் 2007-இல் லண்டனில் ஃபெலிம் மெக்டெர்மாட் இயக்கிய தயாரிப்பு இதற்கு மறுவாழ்வு கொடுத்தது: தகரத் தகடுகள், செய்தித்தாள்களால் கட்டிய ராட்சதப் பொம்மைகள். அது மெட் அரங்குக்கும் போனது. 2011 டிசம்பரில் அங்கே கடைசிக் காட்சி முடிந்த ராத்திரி வெளியே பணக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்த 'ஆக்குபை வால் ஸ்ட்ரீட்' போராட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள், கிளாஸ் அவர்களோடு நின்று கீதையின் 'தர்மம் குலையும்போதெல்லாம்' என்ற பகுதியைச் சொல்ல, மைக் இல்லாததால் கூட்டம் வரிக்கு வரி திருப்பிச் சொன்னது. அந்த வீடியோ கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

மூன்றாவது ஓபரா, 'அக்னாட்டன்', 1984, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். ஒரே கடவுள் என்று சொன்ன எகிப்திய அரசன். பெரிய ஓபரா அரங்கில் மராமத்து நடந்ததால் சின்ன அரங்குக்கு மாற வேண்டியிருந்தது, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் எல்லோருக்கும் இடமில்லை, கிளாஸ் வயலின்களையே மொத்தமாகத் தூக்கிவிட்டார். அதனால் இசைக்கு ஒரு கருத்த, கனத்த நிறம் வந்துவிட்டது. அதற்கு மேல் அரசனுக்குப் பெண்குரல் உயரத்தில் பாடும் கவுன்டர்டெனர், அவன் வாய் திறப்பதற்கே வெகுநேரம் காத்திருக்க வேண்டும், திறந்ததும் உடம்பு சிலிர்க்கும். இட நெருக்கடியைக் கலையாக மாற்றுவது நாடகக் கொட்டகையில் வளர்ந்தவனுக்குத்தான் வரும், சிம்பொனிக்காரர் என்றால் அரங்கம் தயாராகட்டும் என்று காத்திருந்திருப்பார்.

இந்த மூன்றுக்குப் பிறகு எழுதியவற்றைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. ஓபரா இருபதுக்கு மேல், சிம்பொனிகள், 'கொயானிஸ்கட்சி', 'குந்துன்', 'த அவர்ஸ்' என்று சினிமா. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பொய். 1990-களுக்குப் பிறகு நிறைய இடங்களில் தன் பழைய சட்டையையே துவைத்துப் போட்டுக்கொள்கிறார், சினிமாவில் அது இன்னும் அப்பட்டம். விதிவிலக்காக ஒன்றைச் சொல்வேன்: 1994-இல் ஜான் காக்தோவின் பழைய படமான 'லா பெல் எ லா பேத்'-இன் ஒலியை முழுக்க எடுத்துவிட்டு, திரையில் உதடு அசைகிற அதே நொடியில் மேடையிலிருக்கிற பாடகர் பாடும்படி படம் முழுவதையும் ஓபராவாக்கினார். கொஞ்ச நேரத்தில் திரையிலிருப்பவர் பாடுகிறாரா மேடையிலிருப்பவர் நடிக்கிறாரா என்று குழம்பிவிடும்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐன்ஸ்டைனில் தொடங்காதீர்கள், அதன் பெயரைக் கேட்டு ஆரம்பித்துப் பாதியில் ஓடியவர்கள் பலர். அக்னாட்டனின் மெட் தயாரிப்பு, ஆண்டனி ராத் கொஸ்டான்சோ பாடியது, மேடை முழுக்கப் பந்து வீசி ஏந்துகிறவர்கள். இசையில் கொத்துகள் கூடிக் குறைவது பந்துகளின் கணக்காகக் கண்ணுக்கே தெரியும். அப்புறம் சத்தியாகிரகாவின் கடைசிக் காட்சி. ஊர்வலத்தார் எல்லோரும் போய்விட்டார்கள், காந்தி தனியாக நிற்கிறார், 'பஹூனி மே வ்யதீதானி' என்ற கீதை வரி, எனக்குப் பல பிறவிகள் கழிந்தன என்பது. ஏறுகிற ஒரே ஒரு வரிசை, கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை, எட்டே சுரம், முப்பது தடவை. நம் கணக்கில் அது ஹனுமத்தோடியின் ஆரோகணம். கமகம் இல்லாத தோடியைத் தோடி என்று சொன்னால் சபாவில் அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம். ஹெட்போனில் கேட்டால் அஞ்சாவது தடவையில் அலுத்துவிடும். மேடையில், பின்னால் உயரத்தில் மார்ட்டின் லூதர் கிங் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இல்லாத ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசிப் பேசிக்கொண்டிருக்கிறார், சத்தம் கிடையாது, கீழே இந்த மனிதர் படி ஏறுவது மாதிரி அதே எட்டுச் சுரத்தை ஏறிக்கொண்டே இருக்கிறார். நான் எண்ண ஆரம்பித்துப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வந்தபோது எண்ணுவதை விட்டுவிட்டேன்.